ஒரு மொழியை நாமே ஆக்கலாமா?



தோட்டத்துப் பிள்ளைகள் தங்களுக்குள் ஓர் இரகசிய பாஷை பேசிக் கொள்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் ஒரு ‘க’வைச் சேர்த்து, ‘நீ வா’ என்பதைக் ‘கநீ கவா’ என்று சொல்லி ஓடுவார்கள். பெரியவர்களுக்கு ஒன்றும் விளங்காது. “ஒழுங்கா தமிழ் பேசத் தெரியாதா?” என்று அம்மாமார்கள் அதட்டுவதும் வழக்கம். அவர்களை அதட்ட வேண்டாம் என்பதே ஓர் ஆசிரியன் என்ற முறையில் என் வேண்டுகோள். ஒரு சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்து, இடையே ஒன்றைச் செருகி, தடுமாறாமல் வேகமாகப் பேசுவதற்கு நல்ல மூளை வேண்டும்.

ஆனாலும் அது புதிய மொழியன்று. அந்தக் ‘க’வை எடுத்துவிட்டால் உள்ளே நம் தமிழ் அப்படியே இருக்கும். முகமூடி போட்ட தமிழ் என்று சொல்லலாம். அப்படியானால் முகமூடியாக இல்லாமல், சொல்லும் விதியும் புதிதாகவே அமைந்த ஒரு மொழியை ஒரு மனிதர் உட்கார்ந்து ஆக்க முடியுமா? முடியும். ஆக்கியும் இருக்கிறார்கள். அதை எப்படிச் செய்தார்கள், நாம் செய்து பார்ப்பதானால் எங்கே தொடங்குவது என்பவற்றையே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

பியாலிஸ்டோக் என்று ஓர் ஊர். இன்று அது போலந்து நாட்டில் உள்ளது. அன்றைக்கு ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது. அங்கே 1859ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர் ஸாமன்ஹோஃப். தந்தையார் மொழிகள் கற்பித்த ஆசிரியர். ஊரிலே ரஷ்யர், போலிஷ்காரர், ஜெர்மானியர், யூதர் என்று நான்கு கூட்டத்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு மொழி. ஒருவரை ஒருவர் சந்தேகக் கண்ணோடு பார்த்தார்கள். நம் தோட்டங்களிலும் ஒரே லயத்து வரிசையில் தமிழ், தெலுங்கு, மலையாளம் பேசுவோர் குடியிருந்திருக்கிறார்கள். கடைக்குப் போனால் சீனர், கம்பத்துக்குப் போனால் மலாய்க்காரர். ஆகவே அந்தப் பையன் கண்ட காட்சியை நமக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. எல்லாருக்கும் பொதுவாக, எவருக்கும் சொந்தமில்லாத ஒரு மொழி இருந்தால் இந்தப் பகை குறையாதா என்று அவர் நினைத்தார்.

நினைப்பது எளிது. உட்கார்ந்து எழுதத் தொடங்கியதும் மலைப்பு வந்தது. ஒரு மொழிக்கு எத்தனை ஆயிரம் சொற்கள் வேண்டும்! அத்தனையையும் ஒருவர் கட்டிச் சேர்ப்பது எப்படி? சேர்த்தாலும் மற்றவர்கள் மனனம் செய்வது எப்படி? இதற்கு வழி அவருக்குத் தெருவிலே கிடைத்தது. பள்ளியில் படிக்கும் காலத்தில் இரண்டு பெயர்ப்பலகைகளைப் பார்த்தாராம். ஒன்றில் ‘வாயிற்காவலர் அறை’ என்றும், மற்றொன்றில் ‘மிட்டாய்க் கடை’ என்றும் ரஷ்ய மொழியில் எழுதியிருந்தது. இரண்டு சொல்லும் ‘ஸ்காயா’ என்றே முடிந்தன. ஓர் ஒட்டைத் தெரிந்துகொண்டால் பல சொற்களைத் தானாகவே ஆக்கலாமே என்று அவருக்குப் பளிச்சென்று பட்டது. இதை அவரே பின்னாளில் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

நேயர்களே, இதே வித்தையை நம் வீட்டுப் பாட்டியும் செய்கிறார். பால்காரர், வண்டிக்காரர், தோட்டக்காரர் என்ற சொற்கள் அவருக்குத் தெரியும். ஊருக்குள் முதன்முதலில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவந்தபோது அவரை என்ன சொல்லி அழைப்பது என்று பாட்டி எவரிடமும் கேட்கவில்லை. ‘மோட்டார்க்காரர்’ என்றார். பள்ளிக்கூடம் பக்கமே போகாதவர்தாம். ஆனால் ‘காரர்’ என்ற ஒட்டு எங்கே ஒட்டும், எங்கே ஒட்டாது என்பது அவர் நாவுக்குத் தெரியும். இலக்கணம் தெரியாது என்று நாம் யாரைச் சொல்லுகிறோமோ அவர்களுக்குள்ளேயும் முழு இலக்கணம் இருக்கிறது. மொழியை ஆக்கப் புறப்படுகிறவருக்கு அதுதான் மூலதனம்.

ஸாமன்ஹோஃப் அந்த ஒட்டுகளை எப்படிப் பயன்படுத்தினார் என்பதற்கு ஓர் உதாரணம் காட்டுகிறேன். ‘சான்’ என்றால் உடல்நலம் என்னும் வேர்ச்சொல். முன்னால் ‘மல்’ சேர்த்தால் எதிர்ப்பொருள். ‘மல்சான்’ என்றால் நோய். அதோடு ‘உல்’ சேர்ந்தால் அத்தகைய ஆள்; நோயாளி. அதோடு ‘எய்’ சேர்ந்தால் இடம். பெயர்ச்சொல் எல்லாம் ‘ஓ’ என்று முடிய வேண்டும் என்பது விதி. ஆக ‘மல்சானுலேயோ’ என்றால் நலமில்லாதவர் இருக்கும் இடம், அதாவது மருத்துவமனை. ஒரே ஒரு வேரைப் படித்தவருக்கு நான்கு சொற்கள் கிடைத்துவிட்டன. வினைச்சொல்லிலும் அதே சிக்கனம். ‘இராஸ்’ என்றால் போதல், நிகழ்காலம். ‘இரிஸ்’ இறந்தகாலம், ‘இரோஸ்’ எதிர்காலம். போகிறேன், போகிறாய், போகிறான், போகிறோம் என்ற வேறுபாடெல்லாம் அங்கே கிடையாது. நானும் ‘இராஸ்’தான், நீங்களும் ‘இராஸ்’தான்.

எல்லாமே எனக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்லமாட்டேன். அப்பாவுக்கு ‘பாத்ரோ’ என்று பெயர் வைத்துவிட்டு, அதிலே பெண்பால் ஒட்டைச் சேர்த்து அம்மாவைப் ‘பாத்ரீனோ’ ஆக்கிவிட்டார். அம்மா என்பவர் அப்பாவின் பெண்பால் என்று நம் தாய்மாரிடம் சொல்லிப் பாருங்கள், சமையற்கட்டிலிருந்து என்ன பறந்து வருமென்று தெரியாது!

இனி, நாமே ஒன்றை ஆக்குவதானால் எதை எதைத் தீர்மானிக்க வேண்டும்?

முதலில் ஒலி. எந்த ஒலிகள் இருக்கலாம், எது சொல்லின் முதலில் வரலாம் என்று வரையறுக்க வேண்டும். தமிழில் எந்தெந்த எழுத்துகள் சொல்லுக்கு முதலில் வரும் என்று தொல்காப்பியமே வகுத்திருக்கிறது. அதனால்தான் பழைய முறைப்படி எழுதுவோர் ரயிலை ‘இரயில்’ என்றும், ரப்பரை ‘இரப்பர்’ என்றும் எழுதுகிறார்கள். ஒலியில் ஆசைப்பட்டு நிறையச் சேர்த்துக் கொள்ளாதீர்கள். ஸாமன்ஹோஃப் ஆறு எழுத்துகளின் தலையில் தனிக்குறி போட்டார். அந்தக் குறி உள்ள அச்செழுத்துகள் கிடைக்காமல் அச்சகத்தார் பட்ட பாடு பெரிய பாடு.

அடுத்தது பொருள். இங்கேதான் நேரம் பிடிக்கும், சுவையும் இங்கேதான். ‘வெட்டு’ என்ற ஒரு சொல்லை எடுத்துக் கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் ஒருவர் ‘மரம் வெட்டப் போகிறேன்’ என்றால் மரத்தைச் சாய்க்கப் போகிறார் என்று பொருள். நம் தோட்டத்தில் அதே வாக்கியத்தைச் சொல்லுகிறவர் பட்டையைச் சீவிப் பால் எடுக்கப் போகிறார். மரம் அப்படியே நிற்கும். புதிய மொழியில் இந்த இரண்டுக்கும் ஒரு வேரா, இரண்டு வேரா? நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

‘நாம்’, ‘நாங்கள்’ என்ற இரண்டையும் பாருங்கள். கேட்பவரையும் சேர்த்துக் கொண்டால் ‘நாம்’. அவரை விலக்கினால் ‘நாங்கள்’. மலாய் மொழியிலும் ‘கித்தா’, ‘காமி’ என்று இதே வேறுபாடு உண்டு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். ஸாமன்ஹோஃபும் ‘நி’ என்று ஒரே சொல்லோடு நிறுத்திக் கொண்டார். ‘நாம் சாப்பிடலாம்’ என்பதற்கும் ‘நாங்கள் சாப்பிடுகிறோம்’ என்பதற்கும் எவ்வளவு தூரம் என்பது வீடு தேடி வந்த விருந்தாளிக்குத் தெரியும். நான் ஒரு மொழியை ஆக்கினால் இந்த வேறுபாட்டை விடமாட்டேன். உறவுமுறையும் அப்படித்தான். எஸ்பெராண்டோவில் அண்ணனும் தம்பியும் ஒரே ‘ஃபிராத்தோ’. மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே சொல். நம் கல்யாண வீட்டில் அந்த மொழியை வைத்துக்கொண்டு யாரை மணவறைக்கு அழைப்பது?

ஆனால் ஓரிடத்தில் அவர் செய்ததை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ‘நீ’, ‘நீங்கள்’ என்ற பேதம் இல்லாமல் எல்லாருக்கும் ‘வி’ என்ற ஒரே சொல்லை வழக்குக்குக் கொண்டு வந்தார். இலங்கையில் தோட்டத் துரைமார் தமிழ் கற்றுக்கொள்ள 19ஆம் நூற்றாண்டில் ஒரு கையடக்க நூல் வெளிவந்தது. அதன் தலைப்பே ‘இங்கே வா’ என்பதுதான். தமிழில் ‘இங்கே வாருங்கள்’ என்றும் சொல்லலாம் என்பது அந்தத் தலைப்பைப் படித்த துரைக்குத் தோன்றியிருக்குமா? தகப்பன் வயதுள்ளவரைப் பார்த்து இருபது வயது சின்னத்துரை ‘நீ’ என்று சொல்லும்போது, அந்த ஓரெழுத்தில் எவ்வளவு அடங்கியிருந்தது என்பது நம் பாட்டன்மாருக்குத் தெரியும். ஒரு மொழியை ஆக்குகிறவர் யார் யாரை எப்படி விளிப்பது என்பதையும் சேர்த்தே ஆக்குகிறார். விளையாட்டாக ஆக்கினாலும் இதை யோசித்து எழுதுங்கள்.

மூன்றாவது, சொற்களின் வரிசை. தமிழில் வினை கடைசியில் வரும். மலாயில் நடுவில் வரும். எது உங்களுக்கு வசதியோ அதை வைத்துக் கொள்ளுங்கள். இதில் அதிகம் மண்டையைக் குழப்பிக் கொள்ள வேண்டியதில்லை. ஒருமுறை தீர்மானித்தால் மாற்றக் கூடாது, அவ்வளவுதான்.

இப்போது ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கொள்வோம். மூன்று வேர்களை வைப்போம். ‘கோம்’ மரம். ‘நிம்’ பால் வெட்டுதல். ‘தில்’ மழை. பொருளின் பெயரெல்லாம் ‘உ’ என்றும், செயலெல்லாம் ‘இ’ என்றும் முடியட்டும். ஆகவே கோமு என்றால் மரம், நிமி என்றால் வெட்டுகிறார், திலு என்றால் மழை, திலி என்றால் மழை பெய்கிறது. ஆளைக் குறிக்க ‘ரோ’, இடத்தைக் குறிக்க ‘தே’. நிம்ரோ என்றால் பால் வெட்டுகிறவர். கோம்தே என்றால் மரங்கள் நிற்கும் இடம், நம் தோட்டம். இல்லை என்று சொல்வதற்கு முன்னால் ‘வோ’. இதோ முதல் வாக்கியம்: ‘திலி, நிம்ரோ வோநிமி.’ மழை பெய்கிறது, பால் வெட்டுகிறவர் வெட்டவில்லை. பட்டை நனைந்தால் பால் மங்கில் விழாமல் வழிந்தோடிவிடும் என்பதையும், அன்றைய சம்பளம் என்னவாகும் என்பதையும் நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மூன்று வேரும் ஐந்து விதியும் நம் வாழ்க்கையில் ஒரு நாளைச் சொல்லிவிட்டன, பார்த்தீர்களா?

விதிகளை எழுதுவது இவ்வளவு எளிதென்றால், ஆக்கிய மொழிகளில் பெரும்பாலானவை ஏன் நோட்டுப் புத்தகத்திலேயே கிடந்து மடிந்தன? இரண்டு பேரின் கதையைச் சொன்னால் காரணம் விளங்கும்.

ஜெர்மனியில் ஷ்லையர் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் ஒருவர் இருந்தார். அவர் 1879ஆம் ஆண்டில் வோலாப்யூக் என்ற மொழியை வெளியிட்டார். உலகத்தின் மொழி என்பது அதன் பொருள். சில ஆண்டுகளில் பல நாடுகளில் சங்கங்களும் பத்திரிகைகளும் தோன்றின. பாரிஸ் நகரில் 1889ல் நடந்த மூன்றாம் மாநாடு அந்த மொழியிலேயே நடந்தது. ஆனால் படித்தவர்களுக்கு அது கடினமாக இருந்தது. சில திருத்தம் வேண்டுமென்றார்கள். ஷ்லையர் இணங்கவில்லை. மொழி என்னுடையது, எந்த மாற்றத்துக்கும் கடைசி வார்த்தை என்னுடையது என்று நின்றார். சங்கங்கள் உடைந்தன. மளமளவென்று வளர்ந்த மொழி மளமளவென்று சரிந்தது.

ஸாமன்ஹோஃப் கண் மருத்துவராகத் தொழில் செய்தவர். வசதி படைத்தவர் அல்லர். மனைவி கிளாராவின் வீட்டார் கொடுத்த சீதனப் பணத்தில்தான் 1887ஆம் ஆண்டு வார்சா நகரில் முதல் புத்தகத்தை அச்சிட்டார். தம் பெயரைப் போடாமல் ‘டாக்டர் எஸ்பெராண்டோ’, அதாவது நம்பிக்கை கொண்டவர், என்று போட்டுக் கொண்டார். அந்தப் புனைபெயரே மொழிக்கும் பெயராயிற்று. இலக்கணம் பதினாறே விதிகள். வேர்ச்சொற்கள் சுமார் 900. அந்தப் புத்தகத்திலேயே, இந்த மொழி இனி என் சொத்தல்ல, எல்லாருக்கும் பொது என்று உரிமையை விட்டுக் கொடுத்தார். இன்னொன்றும் செய்தார். ஒரு கோடிப் பேர் இதைப் படிப்பதாக வாக்களித்தால் நானும் படிக்கிறேன் என்று கையெழுத்திட்டு அனுப்பும் சீட்டுகளைப் புத்தகத்தோடு சேர்த்திருந்தார். கோடிப் பேர் வரவில்லை. 1889ல் அவர் வெளியிட்ட முகவரிப் பட்டியலில் இருந்தவர்கள் 1,000 பேர். ஆனால் அந்த ஆயிரம் பேரும் கோடிக்காகக் காத்திராமல் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. 1894ல் அவரே சில திருத்தங்களை முன்வைத்தார். பத்திரிகை வாசகர்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. பெரும்பான்மையோர் திருத்தம் வேண்டாம் என்றனர். ஆக்கியவரே தோற்றார், தோல்வியை ஏற்றுக் கொண்டார். 1905ஆம் ஆண்டு பிரான்சில் பூலோன் என்ற துறைமுக நகரில் முதல் உலக மாநாடு கூடியபோது ஏறத்தாழ 700 பேர் வந்தார்கள். பல நாட்டார், முன்பின் பார்த்திராதவர், புத்தகத்தில் படித்த மொழியில் ஒருவரோடொருவர் பேசிக் கொண்டார்கள். இன்றும் அந்த மொழியில் நூல்கள் எழுதப்படுகின்றன. பெற்றோர் இருவரும் அதில் பேசி, பிள்ளைகள் அதைத் தாய்மொழிகளில் ஒன்றாகக் கொண்டு வளர்ந்த குடும்பங்களும் உண்டு.

அதனால் பகை தீர்ந்ததா? தீரவில்லை. 1906ல் அவர் பிறந்த அதே பியாலிஸ்டோக்கில் யூதர்கள் கொன்று குவிக்கப்பட்டனர். அவர் 1917ல் காலமானார். அவருடைய மூன்று மக்களும் இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகளால் கொல்லப்பட்டனர். நாடு நாடாகச் சென்று எஸ்பெராண்டோ கற்பித்த இளைய மகள் லிடியா 1942ல் திரெப்ளிங்கா கொலைமுகாமில் மாண்டார். ஒரே மொழி பேசும் அண்ணன் தம்பிகளே வேலித் தகராறில் வெட்டிக் கொள்ளும் உலகம் இது. பொதுமொழி ஒன்று இருந்தால் சண்டை வராது என்று நான் உங்களிடம் சொல்லப் போவதில்லை. பக்கத்து வீட்டாருடன் ஒரு வார்த்தை பேச வழி வேண்டும் என்று ஒருவர் வாழ்நாளைச் செலவிட்டார் என்பது மட்டும் உண்மை.

எவரும் மேசை போட்டு உட்காராமல் ஆக்கிய மொழியும் உண்டு. அதை உங்களில் பலர் தினமும் பேசுகிறீர்கள். சந்தை மலாயைத்தான் சொல்கிறேன். ‘என்னுடைய வீடு’ என்பதற்குச் செம்மையான மலாயில் ‘ரூமா சாயா’. சந்தையிலோ ‘சாயா பூஞா ரூமா’. என்னுடைய என்பது முன்னால், வீடு பின்னால். நம் தமிழ் வரிசையைப் போலவே இருக்கிறது அல்லவா? ‘அவர்கள்’ என்பதற்குத் ‘தியா ஓராங்’ என்று ஆள் என்னும் சொல்லை ஒட்டிவிட்டார்கள். மீன் விற்றவரும் வாங்கியவரும், தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் சேர்ந்து, பெயர் தெரியாமல் கட்டிய மொழி அது. நம் தோட்டத் தமிழுக்குள் வந்த ‘கித்தா’வும் ‘மங்கு’ம் மலாய்ச் சொற்களின் வழி வந்தவை, ‘சடக்கு’ வடஇந்தியச் சொல்லின் வழி வந்தது. பட்டணத்தில் யாராவது இவற்றைக் கேட்டுச் சிரித்தால் உங்கள் பிள்ளை தலை குனிய வேண்டியதில்லை. வெவ்வேறு வாய்கள் ஒரே வேலைக்களத்தில் சந்தித்த இடத்தில் பிறந்த சொற்கள் அவை. தேர்வுத்தாளில் மட்டும் ‘சாலை’ என்றே எழுதச் சொல்லுங்கள்!

ஆகவே, நோட்டுப் புத்தகத்தில் விதிகளை எழுதிய பின்பு அதைப் பூட்டி வைக்காதீர்கள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளிடம் கொடுங்கள். ஒரு வாரத்துக்கு நாளைக்கு இரண்டு வேர் வீதம் அவர்களே சேர்க்கட்டும். உப்பு வேண்டும், விளக்கை அணை, தம்பி அடிக்கிறான் என்று வீட்டில் உண்மையாகப் பேசும் பேச்சையே அதில் சொல்லிப் பார்க்கட்டும். சொல்ல முடியாத இடம் வரும்போதுதான் எந்த விதி குறைகிறது என்று தெரியும். அண்டை வீட்டுப் பிள்ளை ஒன்றையும் சேர்த்துக் கொண்டால் இன்னும் நல்லது.

ஒருநாள், நீங்கள் எழுதாத சொல் ஒன்றை உங்கள் மகள் சொல்லுவாள். ‘தில்’ மழை, ‘தே’ இடம். ஆகவே ‘தில்தே’ என்பாள். மழை இருக்கும் இடம், வானம் என்று அப்பா புரிந்து கொள்ளலாம். கூரை ஒழுகுகிற பின்கட்டு என்று அம்மா புரிந்து கொள்ளலாம். இரண்டுமே விதிப்படி சரி. எது நிலைக்க வேண்டும் என்பதை நோட்டுப் புத்தகத்தைப் பார்க்காமல் வீட்டில் உள்ளவர்கள் பேசித் தீர்த்துக் கொள்ளுங்கள்.